கருவி பிள்ளைகள் கையில் இருக்கட்டும்: பி.எட். பள்ளிப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் இயற்பியல் அறிவியல் பிரிவு. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தேன். அதனால் உதாரணங்கள் அறிவியலிலிருந்தே அதிகம் வரும். தமிழோ வரலாறோ கணக்கோ எடுப்பவர்கள் உங்கள் பாடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

லெசன் பிளானில் தொழில்நுட்பம் என்று ஒன்றைக் காட்ட வேண்டும் என்றதும் நாம் எல்லோரும் முதலில் போய் நிற்பது பிபிடியில்தான் (பவர்பாயின்ட் ஸ்லைடுகள்). ராத்திரி உட்கார்ந்து படம் தேடுகிறோம், நிறம் பொருத்துகிறோம், எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழும்படி அமைக்கிறோம். அதில் படைப்பாற்றல் இருக்கிறது, ஆனால் அது முழுக்க நம்முடையது. மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள், நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள், மணி அடித்துவிடுகிறது. யோசித்ததும் தேடியதும் வெட்டி ஒட்டியதும் நாம். அந்த வேலையில் பாதியையாவது பிள்ளைகள் பக்கம் தள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் வாரம்: பள்ளியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

முதல் சில நாட்கள் கவனிப்புக்கு என்றே தருவார்கள். அப்சர்வேஷன் ரெக்கார்டு எழுதுவதோடு பள்ளியையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஹைடெக் லேப் (கணினி அறை) இருக்கிறதா, சாவி யாரிடம், எந்தெந்த வகுப்புக்கு எந்த வேளை ஒதுக்கியிருக்கிறார்கள், கணினிகளில் எத்தனை ஓடுகின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருந்தால் ஒலி வருகிறதா என்று பாருங்கள். புரொஜெக்டர் இருந்தால் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். மேற்கு ஜன்னல் வழியே வெயில் அடிக்கும் வகுப்பில் அந்த நேரத்தில் திரையில் ஒன்றும் தெரியாது. பிளக் பாயின்ட் எங்கே, ஒயர் எட்டுமா, கரண்ட் எந்த நேரத்தில் போகிறது என்பதெல்லாம் சின்ன விஷயங்களாகத் தோன்றும். 40, 45 நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் ஒயர் தேடிப் போய்விட்டால் வகுப்பு கையை விட்டுப் போய்விடும்.

அப்புறம் தலைமையாசிரியரிடமும், நாம் எடுக்கும் வகுப்பின் பாட ஆசிரியரான வழிகாட்டி ஆசிரியரிடமும் அனுமதி. பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. அதனால் கையில் கிடைக்கப்போவது உங்கள் போன் ஒன்றுதான். அதை வகுப்பில் எதற்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழிகாட்டி ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் ஒரே கவலைதான், போர்ஷன் முடியுமா என்பது. நியாயமான கவலை. பரீட்சைக்கு அந்தப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டியவர் அவர், நாம் கிளம்பிவிடுவோம். அதனால் "ஏதாவது புதுசா பண்ணலாம்னு இருக்கேன்" என்று பொதுவாகப் போய் நிற்காதீர்கள். "சார், வெப்பம் பாடத்துக்கு ஆறு பீரியடு போட்டிருக்கேன். அதுல ஒண்ணு மட்டும் செயல்பாட்டுக்கு. மத்ததுல பாடம் முடிஞ்சிடும்" என்று கணக்கோடு கேளுங்கள். இன்னொரு வழியும் உண்டு. வளரறி மதிப்பீடு, அதாவது பாடம் நடக்கும்போதே போடும் மதிப்பெண், உள்ள வகுப்புகளில் அதன் (அ) பகுதி செயல்பாடுகளுக்கானது. ஆசிரியர் எப்படியும் அதற்கு மதிப்பெண் போட்டாக வேண்டும். பிள்ளைகள் செய்யப்போகும் வேலையை அந்தச் செயல்பாடாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. ஆசிரியருக்கும் அது உதவிதான்.

பாடத்தில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் பாடத்திலும் தொழில்நுட்பத்தைப் புகுத்த வேண்டியதில்லை. பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடியாத ஒன்று, பார்க்க நேரம் அதிகம் பிடிக்கும் ஒன்று, வாயால் சொன்னால் மனப்பாடமாக மட்டும் நிற்கும் ஒன்று, இப்படி ஒரு இடம் ஒவ்வொரு பாடத்திலும் இருக்கும். துகள்களின் அசைவு கண்ணுக்குத் தெரியாது. நிலவின் வளர்பிறை தேய்பிறை ஒரு மாதம் ஓடும். மின்சுற்றில் பக்க இணைப்பும் தொடர் இணைப்பும் வரைபடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் கருவி வரட்டும். உப்பைத் தண்ணீரில் கரைத்துக் காட்ட வீடியோ எதற்கு? ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு கரண்டி உப்பும் போதும்.

பி.எட். தேர்வுக்காகப் புளூமின் வகைப்பாட்டை, அதாவது கற்றலின் நிலைகளைக் கீழிருந்து மேலாக அடுக்கும் பட்டியலை, எல்லோரும் படித்திருப்போம். 1956இல் வந்த முதல் வடிவத்தில் மதிப்பிடுதல் உச்சியில் இருந்தது. 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தியபோது உருவாக்குதலை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். அதைத் தேர்வில் எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். லெசன் பிளானில் உங்கள் செயல்பாட்டுக்கு நேராக ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: இந்த வகுப்பு முடியும்போது பிள்ளைகள் கையில் அவர்களே செய்த எது இருக்கும்? பதில் இல்லை என்றால் கருவி உங்களுக்குத்தான் உதவுகிறது. அதில் தப்பில்லை, சில நாள் அதுவும் வேண்டும். ஆனால் அதைப் படைப்பாற்றல் என்ற தலைப்பின் கீழ் எழுதாதீர்கள்.

ஒரு செயல்பாட்டை முழுசாகப் பார்ப்போம்: புளியங்கொட்டைப் படம்

எனக்கு மிகவும் பிடித்ததும், எந்தப் பள்ளியிலும் செய்யக்கூடியதும் இதுதான். எட்டாம் வகுப்பு வெப்பம் பாடம். ஒரு பொருளைச் சூடுபடுத்தினால் அதன் துகள்களுக்கு என்ன ஆகிறது என்பதைப் பிள்ளைகள் சின்னப் படமாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு போட்டோ எடுத்து, அவற்றை வரிசையாக ஓடவிடும் முறை. ஆங்கிலத்தில் ஸ்டாப் மோஷன் என்பார்கள். அதற்கென்று இலவசச் செயலிகள் பிளே ஸ்டோரில் கிடைக்கின்றன. ஒன்றை முந்தின நாளே இறக்கி, வீட்டில் பழகிவிடுங்கள்.

தேவையானவை: ஒரு வெள்ளை சார்ட், இரண்டு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு போன், ஒயர் வைத்த பழைய இயர்போன். அவ்வளவுதான்.

போன் ஸ்டாண்டு வாங்க வேண்டாம். ஒரு பெஞ்சின் ஓரத்தில் கேமரா இருக்கும் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு போனைப் படுக்க வைத்து, மீதிப் பகுதியின் மேல் கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். சார்ட் கீழே தரையில், கேமராவுக்கு நேராக. போனைத் தொட்டால் ஆடிவிடும், படம் குதிக்கும். இயர்போனைச் செருகி, அதில் உள்ள ஒலியளவு பட்டனை அழுத்தினால் பெரும்பாலான போன்களில் போட்டோ விழும். செயலியில் அது வேலை செய்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து எல்லாம் கலையும். திரையில் ஓரிடத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டால் ஒரு படம் இருட்டாகவும் ஒரு படம் வெளிச்சமாகவும் வராது. சார்ட்டின் நாலு மூலையிலும் டேப் ஒட்டுங்கள், மின்விசிறிக் காற்றில் தூக்கும். பிள்ளைகள் குனிந்து பார்க்கும்போது நிழல் விழும். அதைக் கவனிப்பதற்கென்றே ஒரு ஆளைப் போடுங்கள்.

நொடிக்கு ஐந்து படம் என்று வைத்துக்கொண்டால் பத்து நொடிப் படத்துக்கு 50 போட்டோ. பழகிய குழு அதை இருபது நிமிடத்துக்குள் எடுத்துவிடும். நாற்பது பிள்ளைகள், ஒரே போன் என்றால் எப்படி? ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழு. எல்லோரும் முதலில் தாளில் ஆறு கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் துகள்கள் எப்படி இருக்கும் என்று வரைய வேண்டும். கட்டம் வரைந்து முடித்து, நீங்கள் பார்த்த குழுதான் போனுக்கு வரலாம். ஒரு பாடவேளையில் இரண்டு குழுவுக்கு மேல் முடியாது. மீதியை எப்போது எடுப்பது? பள்ளி ஆசிரியர் யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்குப் பயிற்சி ஆசிரியர்களை அனுப்புவது வழக்கம். பலர் அதைச் சுமையாக நினைக்கிறார்கள். எனக்கு அந்த வேளைகள்தான் பெரிய கொடை. போர்ஷன் அழுத்தம் இல்லாத அந்த நேரத்தில்தான் பாதிப் படங்கள் எடுத்தோம்.

குழுவில் யார் எதைச் செய்வது என்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வீட்டில் நல்ல போன் வைத்திருக்கும் பையன் கேமராவைப் பிடித்துக்கொள்வான். பெண் பிள்ளைகள் சார்ட்டுக்குப் பார்டர் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்: நகர்த்துபவர், படம் எடுப்பவர், எண்ணுபவர், நிழல் பார்ப்பவர், கதை சொல்பவர். பத்துப் போட்டோவுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இதில் கண்டிப்பாக இருங்கள். கருவி யார் கையில் இருக்கிறது என்பதில் ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வை நம் வகுப்பும் கூட்டிவிடக் கூடாது.

இப்போது இதன் சாரமான இடத்துக்கு வருகிறேன். ஒரு குழு திடப்பொருளுக்குப் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கியது. சூடுபடுத்தும் கட்டம் வந்ததும் ஒரு பையன் புளியங்கொட்டைகளை எடுத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய மொச்சைக்கொட்டைகளை அதே இடங்களில் வைத்தான். ஏன்டா மாற்றுகிறாய் என்று கேட்டேன். "மிஸ், சூடு பண்ணா பொருள் பெருசாகும்ல? அப்ப துகளும் பெருசாகும்ல?" என்றான். இந்தப் பையன் முந்தின வாரத் தேர்வில் "வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும்" என்று சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியவன். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் அவன் மனசில் இருந்த படத்தை எந்த எழுத்துத் தேர்வும் வெளியே கொண்டுவந்திருக்காது. அவன் கையால் கொட்டையை மாற்றி வைக்க வேண்டியிருந்ததால்தான் அது வெளியே வந்தது. துகள் பெரிதாவதில்லை, துகள்களுக்கு இடையிலான தூரம்தான் கூடுகிறது. இது அவனுக்கு மட்டும் உள்ள குழப்பம் கிடையாது. மற்றக் குழுக்களின் கட்டங்களைப் புரட்டிப் பார்த்தால் பாதிப் பேர் சூடான துகளைப் பெரிய வட்டமாக வரைந்திருந்தார்கள்.

அந்த இடத்தில் உடனே திருத்திவிடாதீர்கள். கேள்வி கேளுங்கள். ஒரு கம்பியைச் சூடு பண்ணுவதற்கு முன்னால் அதன் எடை எவ்வளவு, பின்னால் எவ்வளவு? துகளே பெரிதானால் ஆவியாகிப் போகும்போது அது எவ்வளவு பெரிதாக வேண்டும்? அவர்களே மோதிக்கொள்ளட்டும். பிறகு லேப்பில் ஃபெட் (PhET) திட்டத்தின் பருப்பொருள் நிலைகள் உருவகப்படுத்தலை, அதாவது துகள்களின் அசைவைக் கணினியில் ஓட்டிக் காட்டும் நிரலை, திறந்து காட்டுங்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. இலவசம். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் பிரௌசரில் ஓடும். அதில் சூட்டைக் கூட்டினால் துகள்கள் வேகமாக அசைகின்றன, அளவு மாறுவதில்லை. இன்னொன்றும் பிள்ளைகள் கண்ணில் பட்டது: திடப்பொருளில்கூடத் துகள்கள் சும்மா நிற்கவில்லை, இருந்த இடத்திலேயே அதிர்கின்றன. எல்லாக் குழுவும் திடப்பொருளில் கொட்டைகளை ஆடாமல் அசையாமல் வைத்திருந்தது. நாம் மறுபடி எடுக்கலாமா மிஸ் என்று அவர்களே கேட்டார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவர்கள் படம் எடுத்தார்கள், பிறகுதான் உருவகப்படுத்தலைக் காட்டினேன். மாற்றிச் செய்தால், திரையில் பார்த்ததை அப்படியே கொட்டையில் காப்பி அடிப்பார்கள், படம் அழகாகவே வரும். ஆனால் அவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். எந்தப் பாடத்திலும் இந்த வரிசையை விட்டுவிடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்: முதலில் அவர்கள் செய்யட்டும், அப்புறம் சரியானதைக் காட்டுங்கள், அப்புறம் திருத்திச் செய்ய நேரம் கொடுங்கள். மூன்றாவதை நேரமில்லை என்று வெட்டிவிடத் தோன்றும். வெட்டினால் முதல் இரண்டும் வீண்.

தமிழ் எடுப்பவர்களுக்கு ஒன்று

என்னோடு அதே பள்ளியில் பயிற்சி எடுத்த தமிழ்ப் பிரிவுத் தோழி ஒருத்தி செய்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. போனில் தமிழ்க் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது அல்லவா? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தங்கள் தாத்தா பாட்டி சொன்ன கதை ஒன்றைப் போனிடம் சொல்லச் சொன்னாள். அது எழுத்தாக மாறி விழும். பேச்சுத் தமிழை அது பாதி சரியாகவும் பாதி கன்னாபின்னாவென்றும் எழுதும். அதை அச்செடுத்து அந்தந்தப் பிள்ளையிடமே கொடுத்து, இதை எழுத்துத் தமிழாக மாற்று, ஆனால் உன் பாட்டி பேசிய இடத்தில் மட்டும் பாட்டியின் பேச்சு அப்படியே இருக்கட்டும் என்றாள். எழுதவே தயங்கும் பிள்ளைகளிடமிருந்து இரண்டு பக்கக் கதை வந்தது. வாய் திறந்து சொல்ல வந்த பிள்ளைக்குக் காகிதம்தான் தடையாக இருந்திருக்கிறது. சந்திப்பிழை, மேற்கோள் குறி, வாக்கியம் எங்கே முடிகிறது என்பதையெல்லாம் தங்கள் சொந்தக் கதையைச் சரிசெய்யும்போது கற்றுக்கொண்டார்கள்.

கணக்கு எடுப்பவர்களுக்கு, வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்கும் ஜியோஜீப்ரா மென்பொருள் தெரிந்திருக்கும். நம் பாடநூல்களில் இணையச் செயல்பாடு என்று வரும் பகுதிகள் பலவும் அதைத்தான் கொண்டவை. அதில் இருப்பதை ஓட்டிக் காட்டுவதோடு நிறுத்தாமல், முக்கோணத்தின் ஒரு முனையைப் பிள்ளைகளே இழுத்து, எது மாறுகிறது, எது மாறவே மாட்டேன் என்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கோப்பு, எழுத்துரு, பென்டிரைவ்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அலட்சியம் வேண்டாம்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பிபிடி, அந்த எழுத்துரு இல்லாத பள்ளிக் கணினியில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். யூனிகோடில் தட்டுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ எதுவானாலும் முன்பே இறக்கி, பென்டிரைவிலும் போனிலும் இரண்டு இடத்தில் வையுங்கள். பள்ளி இணையத்தை நம்பி லிங்க்கோடு மட்டும் போகாதீர்கள். 2018இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் குறியீடு இருக்கிறது. திக்‌ஷா என்ற கல்விச் செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்தின் வீடியோ திறக்கும். அதையும் வகுப்பில் முதல்முறையாகத் திறக்காமல், முந்தின நாள் முழுசாகப் பார்த்துவிட்டு, எந்த நிமிடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று லெசன் பிளானிலேயே ஒரு வரி எழுதுங்கள். புளியங்கொட்டைச் செயல்பாட்டில் ஆறு கட்டம் வரையச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். போன் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டங்களை வைத்தே முழுப் பாடவேளையும் பேசலாம்.

கேள்வி கேட்டுவிட்டு நில்லுங்கள்

திரை வந்ததும் நமக்கு வேகம் வந்துவிடுகிறது. அடுத்த ஸ்லைடு தயாராக இருக்கிறது, பதிலும் அதில்தான் இருக்கிறது, கை தானாக பட்டனைத் தட்டுகிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கவனித்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள், அவர்களே கேள்வி கேட்பதும் கூடியது. மூன்று நொடி! கையில் ஒரு கருவியும் தேவையில்லை. புதிதாக ஒன்றை யோசிப்பதற்குப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது இந்த இடைவெளிதான்.

உங்கள் வகுப்பை நீங்களே சோதிக்கலாம். வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு மேசை மேல் வையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் மட்டும் கேளுங்கள். கேள்விக்கும் உங்கள் அடுத்த வார்த்தைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? யார் யாருடைய குரல் பதிவாகியிருக்கிறது? பயிற்சிக் காலத்தில் நம்மைப் பற்றி நமக்கு உண்மையைச் சொல்லும் கருவி இதைவிட இன்னொன்று இல்லை என்று நான் நம்புகிறேன். கேட்டுவிட்டு அந்தப் பதிவை அழித்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவை எங்கே வைப்பது

சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் லெசன் பிளான் வருகிறது. நிறையப் பேர் அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். அது தரும் செயல்பாடுகள் யாரோ ஒரு வகுப்புக்குப் பொருந்தும். மூன்றாவது பெஞ்சில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையையும், லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அது அறியாது. நீங்கள் எழுதிய திட்டத்தை அதனிடம் கொடுத்து, இதில் பிள்ளைகள் எங்கே குழம்புவார்கள், எந்தக் கேள்வி கேட்பார்கள் என்று கேளுங்கள். அந்த வேலைக்கு அது நன்றாக உதவும். பாடத் தகவலை மட்டும் பாடநூலோடு ஒப்பிடாமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பிள்ளைகள் கையில் அதை நேரடியாகக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். சாட்ஜிபிடியின் விதிகளே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்தக் கூடாது, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்கின்றன. வேறொரு வழி இருக்கிறது. பிள்ளைகளின் சொந்த ஊரைப் பற்றி அதனிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கி, அச்செடுத்துக் குழுக்களுக்குக் கொடுங்கள். சிவப்புப் பேனாவால் பிழை திருத்தச் சொல்லுங்கள். ஊர்க் கோயில், கண்மாய், சந்தை கூடும் நாள் பற்றியெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு அதற்குத் தெரியாது. அச்சில் வந்தது எல்லாம் சரி என்று நம்பும் வயதில், அச்சில் வந்த ஒன்றைத் தாங்கள் திருத்தலாம் என்பது அவர்களுக்குப் புது அனுபவம். அதற்குப் பிறகு அதே பக்கத்தை அவர்கள் எழுதித் தரும்போது, வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வந்த விவரங்கள் தானாகவே உள்ளே வரும்.

மதிப்பெண்ணை எதற்குப் போடுவது

படம் அழகாக இருக்கிறதா என்பதற்குப் போடாதீர்கள். அழகுக்கு மதிப்பெண் என்றால் அடுத்த முறை பிள்ளைகள் பொருளை விட்டுவிட்டு ஸ்கெட்ச் பேனாவின் பின்னால் போவார்கள். ஒவ்வொரு குழுவையும் அவர்கள் படத்தை ஓடவிட்டு நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த இடத்துல ஏன் இப்படி நகர்த்துனீங்க?" என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடிகிறதா என்பதற்கு ஒரு பங்கு. முதல் முயற்சிக்கும் திருத்திய முயற்சிக்கும் நடுவில் எதை மாற்றினார்கள் என்பதற்கு இன்னொரு பங்கு. மற்றக் குழுவின் படத்தைப் பார்த்து உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார்களா என்பதற்கு மீதி. இந்த மூன்றையும் செயல்பாடு தொடங்கும் முன்பே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள். தேர்வில் மதிப்பெண் குறைவாக வாங்கும் சில பிள்ளைகள் இதில் மேலே வருவார்கள். வழிகாட்டி ஆசிரியரிடம் அந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிறகும் அந்தப் பிள்ளையைக் கவனிக்க அவருக்கு அது உதவும்.

தினமும் எழுதும் குறிப்பேடு

பயிற்சியின் பகுதியாக நாம் எழுத வேண்டிய பிரதிபலிப்புக் குறிப்பேட்டில் "வகுப்பு நன்றாக அமைந்தது, மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றனர்" என்று எழுதினால் கையெழுத்து கிடைத்துவிடும். உங்களுக்கு எதுவும் கிடைக்காது. செயலின் நடுவிலேயே யோசிப்பது, செயல் முடிந்தபின் யோசிப்பது என்று டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்க அறிஞர் 1983இல் பிரித்துச் சொன்னதைத் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். இரண்டுக்கும் ஒவ்வொரு வரி எழுதினாலே போதும். வகுப்பின் நடுவில் திட்டத்தை எங்கே மாற்றினீர்கள், ஏன்? வீட்டுக்கு வந்து யோசித்தபோது என்ன தோன்றியது? அதற்கு மேலே, அன்று ஒரு பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை அதன் பேச்சிலேயே எழுதுங்கள். "துகளும் பெருசாகும்ல" என்று நான் எழுதி வைத்த வரிதான் அடுத்த பாடத்தைத் திட்டமிட எனக்கு உதவியது. ஆர்வமாகப் பங்கேற்றனர் என்ற வரியால் எந்தத் திட்டமும் போட முடியாது.

பள்ளியை விட்டுக் கிளம்பும் முன்

பிள்ளைகளின் முகம் தெரியும் போட்டோவையோ வீடியோவையோ ஸ்டேட்டஸில் போடாதீர்கள். உங்கள் ரெக்கார்டுக்குப் படம் வேண்டும் என்றால் தலைமையாசிரியரிடம் கேட்டு, கைகளும் வேலையும் மட்டும் தெரியும்படி எடுங்கள். நம்மை நம்பிப் பள்ளி விட்ட பிள்ளைகள் அவர்கள். பெற்றோருக்குத் தெரியாமல் அவர்கள் முகம் எங்கும் போகக் கூடாது.

பிள்ளைகள் செய்த படங்களை லேப் கணினியில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். கோப்பின் பெயரில் வகுப்பு, பாடம், குழு எண் இருக்கட்டும். முதலில் எடுத்த படத்தையும் திருத்திய படத்தையும் இரண்டையுமே வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பாடம் நடத்தும் ஆசிரியருக்கு முதல் படம்தான் அதிகம் பயன்படும், பிள்ளைகள் எங்கே குழம்புகிறார்கள் என்று அதில் தெரியும். ஃபெட் கோப்புகளையும் அதே ஃபோல்டரில் இறக்கி வைத்துவிட்டு, எதை எப்படித் திறப்பது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி அச்செடுத்து வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுங்கள். முடிந்தால் கடைசி வாரத்தில் ஒருநாள் மதியம் உட்கார்ந்து அவர் கையாலேயே ஒருமுறை எல்லாவற்றையும் திறக்கச் செய்துவிடுங்கள். பிறகு உங்கள் போனில் இருக்கும் பிரதிகளை அழித்துவிடலாம்.